ஆஸ்பத்திரிக் கடையில் தண்ணியாகிப்போன ஹம்மஸ்

கடலை அக்கா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். ஒரு கப்பல் கம்பெனியில் பதினொரு வருஷம் தொலைபேசி எடுத்தவள். கம்பெனி ஊரை விட்டே போனபோது, கூட வேலை பார்த்தவள் சொல்லிக்கொடுத்த ஹம்மஸ்தான் கையில் மிஞ்சியது. வெந்த கொண்டைக்கடலையை எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும், அவ்வளவுதான். நாத்தனாரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை போட்டாள். வரிசையில் வரவேண்டும், மேலே போட என்னென்ன வேண்டும் என்று கை காட்டவேண்டும், கிண்ணத்தையும் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு நகரவேண்டும். அவசரக்காரர்களுக்குத் தோதாக இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு கடை மூன்றாகிவிட்டது.

மூன்றாவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில். அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

"ஹம்மஸ் தண்ணியா இருக்கு" என்று யாரோ ஃபோனில் கடையைப் பற்றி விமர்சனம் எழுதியிருந்தார். மறுவாரம் இன்னும் இரண்டு பேர். அதே வாரம் ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, "இந்தக் கடைக்காரங்க நல்லா இருக்கணும்" என்று எழுதியிருந்தார். எதை நம்புவது?

மூன்று கடைக்கும் அரைப்பது ஒரே சமையற்கூடத்தில். அதைப் பார்த்துக்கொள்பவள் நாத்தனார்.

"ஒரே மெஷின், ஒரே டப்பா அண்ணி. அங்க மட்டும் எப்படித் தண்ணியாகும்? வேன்ல போறப்ப அழுதுடுச்சா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலை மூட்டையை மாற்றிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைச் சரிபார்த்தாள். வேன் டிரைவரைத் திட்டினாள். பிறகு அவரிடமே மன்னிப்பும் கேட்டாள். கடைசியில் தன் நாக்கின் மேலேயே சந்தேகம் வந்து, மூன்று கடை ஹம்மஸையும் புருஷனுக்கு ஊட்டினாள். "மூணும் ஒண்ணுதான். நாலாவது இருக்கா?" என்றார் அவர்.

ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக் கடைக்குப் போனாள். கவுண்டரில் பெரிய மீசைக்காரர் ஒருவர். நாத்தனார் சேர்த்த ஆள், அக்காவைப் பார்த்ததில்லை.

"வரிசையில வாங்கம்மா."

நின்றாள். முன்னால் ஒன்பது பேர். வாங்குபவர்கள் பக்கம் இருந்து பார்த்தபோது சொந்தக் கடையே யாருடையதோ மாதிரி இருந்தது. மீசைக்காரர் எதிரில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள். கையில் ஃபைலோடு நின்ற பெண் ஃப்ளாஸ்க்கை நீட்டி, "அதேதாண்ணே" என்றாள். இடது டப்பாவில் இருந்து ஊற்றினார். அடுத்தவர் ஆபீஸ்காரர், அவசரத்தில் அவருக்கும் இடதிலிருந்தே அள்ளிப் போட்டார்.

தன் முறை வந்ததும் அக்கா கேட்டாள்: "அந்த இடது டப்பால என்ன?"

"அது நோயாளிங்களுக்கும்மா. தொண்டையில ஆபரேஷன் பண்ணவங்களுக்குக் கெட்டியா இறங்காது, எலுமிச்சை எரியும். மேல போட வர்ற வெந்த கடலையைத் தனியா மசிச்சுத் தண்ணி விட்டு வெச்சிருக்கேன். ஒரு நர்ஸம்மா கேட்டாங்க. ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப முப்பது பேர் ஆயிட்டாங்க."

"யார் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஓனரம்மா வந்தா கேக்கலாம்னு இருந்தேன். அவங்க வர்றதே இல்ல."

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பெருமையும் வந்தது; அதில் தனக்குப் பங்கு உண்டா என்றும் தெரியவில்லை.

"நான்தான் அது" என்றாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. "வேலை போச்சாம்மா?"

"எனக்கே ஒண்ணும் புரியல. முதல்ல அந்த டப்பாவை இந்தப் பக்கத்துல இருந்து எடுங்க. ஆபீஸ் போறவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு போட்டுட்டீங்க."

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு நர்ஸைப் போய்ப் பார்த்தாள். யாருக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று உணவுப் பிரிவில் எழுதி வாங்கினார்கள். இப்போது அது சமையற்கூடத்திலேயே தனியாக அரைபட்டு, குழாய் வைத்த பாத்திரத்தில் போகிறது. புகார் நின்றது. அந்தக் கடையின் பொறுப்பு மீசைக்காரருக்கு.

ரயில் நிலையத்தில் நாலாவது கடை பார்க்கலாம் என்று குதித்த நாத்தனார் ஒருநாள் கேட்டாள்: "அவர் முன்னாடியே கேட்டிருந்தா, சரின்னு சொல்லியிருப்பீங்களா அண்ணி?"

அக்கா கணக்கு நோட்டை மூடி வைத்தாள்.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். ஏன்னுதான் தெரியல."

இருக்கிற மூன்று கடைக்கும் முதலில் அடிக்கடி போய் வரலாம் என்று நாலாவது கடையை அந்த வருஷம் தள்ளிப்போட்டார்கள்.