அது அமெரிக்கா, இது செஞ்சி

1968-ஆம் வருஷம், கோடை தொடங்கிய நேரம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். மறுநாள் விழுப்புரத்தில் ஒரு இன்டர்வியூ. தலைமுடியோ காதை மூடிக்கொண்டிருந்தது. எங்கள் காலனியில் எல்லோருக்கும் முடிவெட்டும் மாமா காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு வந்தேன்.

இரண்டு சலூன்களில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னதும், அப்புறம் வா என்றார்கள். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. கோட்டைப் பாறையிலிருந்து அடித்த அனல் வேறு உயிரை வாங்கியது.

மூன்றாவது கடையில் சலூன்காரர் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகப் போராடிய தலைவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களே, அவருடைய வாழ்க்கைக் கதை. பஸ்ஸில் வெள்ளைக்காரர்களுக்கு எழுந்து இடம் விடச் சொன்னதால், அவருடைய ஜனங்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் பஸ்ஸே ஏறாமல் நடந்தார்களாம். அவர் வீட்டில் குண்டு வீசினார்களாம், ஜெயிலில் போட்டார்களாம். அப்போதும் திருப்பி அடிக்காதீர்கள் என்றாராம். ஷேவிங் முடிந்தும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அடப்பாவிங்களா! மனுசனுக்கு மனுசன் இப்டியா பண்ணுவான்?" என்று உச்சுக்கொட்டினார். சரி, இங்கே வெட்டுவார்கள் என்று நம்பி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"எந்த ஊரு தம்பி? எந்தத் தெரு?" துணியைப் போர்த்திக்கொண்டே சலூன்காரர் கேட்டார்.

பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "அனந்தபுரம் காலனிண்ணா."

பெரியவர் எழுந்துவிட்டார். "இன்னாப்பா இது? இவனுக்கு வெச்ச கத்தியத்தான் எங்களுக்கும் வெப்பியா?"

"இப்பத்தான அந்தத் தலைவருக்குப் பாவப்பட்டீங்க?" என்று சலூன்காரர் கேட்டார்.

"அது அமெரிக்கா, இது செஞ்சி. நீ மட்டும் வெட்டிப்பாரு, எங்க தெருவுலருந்து ஒருத்தனும் இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டான்." சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டார்.

நான் துணியை எடுத்தேன். "உடுங்கண்ணா, நான் போறேன்."

"உக்காரு" என்றார். கதவைச் சாத்தப் போனார். அதைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாத்தாமலே திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் கை நடுங்கியது. காதோரம் லேசாகக் கீறிவிட்டது. ஆனாலும் நிறுத்தாமல் வெட்டி முடித்தார்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் செஞ்சிக்குப் போனபோது அவர் கடையில் ஈ, காக்கை இல்லை. தனியாக உட்கார்ந்து, பேப்பரைத் தனக்குத்தானே படித்துக்கொண்டிருந்தார். முடி அவ்வளவாக வளரவில்லைதான். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் துணியைப் போர்த்தினார்.

அந்தத் தலைவரைப் பற்றிப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். இன்றைக்கும் எங்கே அவர் பெயரைக் கேட்டாலும், பயந்து நடுங்கியும் வெட்டுவதை நிறுத்தாத அந்தக் கைதான் முதலில் ஞாபகம் வருகிறது.