குதிரைக்காரி படம் போட்ட மெஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் பழைய விளையாட்டு மெஷின்களை வாங்கி, திருத்தணியில் எங்கள் முன்னறையில் சேர்த்துவந்தார். பள்ளிப்பட்டில் இரண்டு பின்பால் மெஷின்கள் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒன்றை வாங்கிவர இருவரும் பஸ் ஏறினோம். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு விளக்குகளுக்கு நடுவே முட்டி மோதி ஓடுமே, அந்த மெஷின். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் அவற்றை வைத்துக் கடை போட்டுவந்தவர் இறந்துவிட்டதால் அவர் மனைவி விற்றாள்.

தறிக் கொட்டகையில் இரண்டும் நின்றன. ஒன்றில் பெயின்ட் உரிந்திருந்தது. மற்றதன் கண்ணாடியில் குதிரைக்காரி படம் புதிதுபோல் மின்னியது. கணவர் நேராக அதனிடம் போனார்.

"அது வாணாங்க," என்றாள் அவள். "மழையில நனைஞ்சிதுன்னு தொடச்சிகினு இருந்தாரு. அதுலதான் கரண்டு அடிச்சி போய்ட்டாரு."

"ஒயரை மாத்திக்கலாம்மா," என்றார் கணவர்.

நான் அவர் கையைப் பிடித்து, உரிந்ததையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சரியென்று தலையாட்டினார். பிறகு குதிரைக்காரி மெஷினைக் காட்டி அவளிடம், "இதை என்னா பண்ணப்போற?" என்று கேட்டார்.

"தெரியலிங்க. பசங்க இங்கதான் வெளையாடுதுங்க."

அவர் ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கினார். அவள் கண்ணெதிரிலேயே அதைத் திறந்து ஒயர்களையெல்லாம் பிடுங்கி வெளியே போட்டார். கடைசி ஒயர் வரும்வரை அவள் கதவோரம் நின்றாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.