சாரலில் காயாத தளம்

பங்குனி மாதத்து மதியம் இரண்டு மணி. இலத்தூரில் ஒரு வீட்டின் மாடி அறை வாசலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே வெறுந்தரையில், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு ஏட்டையா தூங்குகிறார். மின்விசிறி மெல்லச் சுற்றுகிறது. நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்த நீள நோட்டு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வயலும் குளமும் வெயிலில் கரைந்து எது தண்ணீர் எது தரை என்று தெரியாமல் கிடக்கின்றன. "உடனே வா" என்று போனில் கூப்பிட்டவர் அவர்தான். என்ன குறை கண்டுபிடித்தாரோ என்று தென்காசியிலிருந்து வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். எழுப்பவும் பயம், திரும்பிப் போகவும் பயம். அரை மணி நேரம் அப்படியே நின்றேன். நின்றுகொண்டே நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன் போல. கண் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டியாலே? பங்குனி வெயில்ல, பட்டப்பகல்ல நான் தூங்குதேன் பாரு. அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன்."

வீட்டுக்குள் இறங்கும் வெக்கையைக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசுவேன். கூரைக்குக் கீழே பலகை அடிப்பேன், ஜன்னல் இடுக்குகளை அடைப்பேன், கரண்டைத் தின்னும் பழைய மின்விசிறிகளை மாற்றிக் கொடுப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போன வருஷம் அது. அப்போது பிடித்த கவலை இன்னும் விடவில்லை. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வேலை முடித்த வீட்டுக்காரர் போன் செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று கவலை, செய்தால் எதற்குச் செய்கிறார் என்று கவலை. "கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு ஒக்காந்து கவலைப்படுவிய" என்பாள் என் மனைவி. பொய்யில்லை.

ஏட்டையா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் நாகர்கோவிலில். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடி அறையில் தனியாக இருந்தார். முதல் நாள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்றுகொண்டு கேட்டார்: "பேரு? தகப்பன் பேரு? எத்தனை வீடு பண்ணிருக்கே? எவம்லாம் குறை சொன்னான்?" வேர்த்து ஊற்றியது. பழைய வழக்கம் விடாமல் எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதுவார். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, நாளைக்கு மூன்று வேளை அறையின் சூட்டைக் குறித்து வைத்திருந்தார். "பகல் 2.10. சூடு 38. மின்விசிறி அனலை இறைக்கிறது. உறக்கம் இல்லை" என்று வாசித்துக் காட்டியது இன்னும் காதில் இருக்கிறது. மேலே வெறும் தளம், அதற்குக் கீழே அவர். பழுக்கப் போட்ட மாதிரிதான் இருந்தது அந்த அறை.

அந்தப் பங்குனிக்கு முந்தின வைகாசிக் கடைசியில் வேலையைத் தொடங்கினேன். இரண்டாம் நாளே கணவாய்ப் பக்கத்துக் காற்று திரும்பிவிட்டது. எங்கள் பக்கத்துச் சாரல், மழை மாதிரி அறிவித்துக்கொண்டு வராது. மலை மறையும். ஆனால் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். முகத்தில் பொடிப்பொடியாக ஏதோ வந்து படும், துடைக்கக் கை தூக்குவதற்குள் காய்ந்துவிடும். பிறந்தது முதல் பார்த்த எனக்கே அது பெய்கிறதா, பெய்து முடிந்துவிட்டதா, இல்லை நினைவில் பெய்கிறதா என்று தெரியாத நாட்கள் உண்டு. இப்போது விட்டால் வேலை சாரல் முழுக்க நிற்கும், அப்புறம் ஐப்பசி மழை, அப்புறம் தைக்குத்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு மதியம் வெயில் சுள்ளென்று விழுந்தது. உள்ளங்கையைத் தளத்தில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. காய்ந்துவிட்டது என்று அன்றே பூசி முடித்தேன். மேல்தோல் காய்ந்திருந்ததே தவிர, மேலே பதித்த தட்டோடுகளுக்கு அடியில் தளம் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆடியில் ஒருநாள் ஏறிப் பார்த்தபோது பூச்சு பூரி பூரியாக உப்பிக் கிடந்தது. விரலால் தொட்டால் உடைந்து உள்ளே நீர் பளபளத்தது.

ஏட்டையாவுக்கு முழங்கால் வலி. மொட்டைமாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் அவரால் ஏற முடியாது. அந்தத் தைரியத்தில்தான் பொய் சொன்னேன். சாரல் ஓய்ந்து புரட்டாசி வெயில் வந்ததும் போய், "ரெண்டாவது கோட்டு பாக்கி இருக்கு ஏட்டையா" என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா. சரி" என்றார். மூன்று நாள் மேலே தனியாகச் சுரண்டினேன். பிறகு நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூசினேன். அந்தப் பூச்சுதான் பங்குனியில் அவரைத் தூங்க வைத்தது.

அந்தச் சமயத்தில்தான் சான்றிதழ் பேச்சு வந்தது. மானியத்தில் நடக்கும் வீட்டு வேலைகளை இனிமேல் சான்றிதழ் உள்ளவர்கள்தான் செய்யலாம் என்றார்கள். படிப்பு கேட்கவில்லை, கைவேலை தெரிந்தால் போதும். தென்காசியில் ஒரு மண்டபத்தில் வகுப்பு நடந்தது. பாடப் புத்தகத்தை மனைவி சமையலுக்கு நடுவே சத்தமாக வாசிப்பாள், நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வேன். தளத்தின் ஈரம் பார்க்க ஒரு வழி சொன்னார்கள்: ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் ஒட்டி, ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் தாளின் அடியில் நீர் பூத்திருந்தால் தளம் காயவில்லை. அன்று அந்த மண்டபத்தில் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். தேர்வில் கேள்வி பதில் ஒரு பகுதி. முடித்த வீடு ஒன்றைக் காட்டுவது இன்னொன்று. தேர்வாளர் கண் முன்னால் ஒரு துண்டு பூசிக் காட்டுவது மூன்றாவது. அதைக் காலியாக விட்டவர்கள் யாரும் தேறியதில்லை என்றார்கள். காட்டும் வீட்டில் முன்னும் பின்னும் சூடு அளந்து எழுதிய கணக்கு இருக்க வேண்டுமாம். நான் வேலை செய்த வீடுகளிலேயே அப்படி எழுதி வைத்த மனிதர் ஏட்டையா ஒருவர்தான்.

அந்த நோட்டில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாரோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. "ஒருதரம் பாத்துட்டுத் தரட்டுமா ஏட்டையா?" என்று கேட்டேன். சிரித்தார். "கேஸ் டைரிய குத்தவாளிகிட்டக் குடுப்பாங்களாலே?" சும்மாதான் சொன்னார். எனக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

தேர்வு நாள், வேண்டிக்கொண்டது போல, ஆனிச் சாரலில் வந்து விழுந்தது. தேர்வாளர் மதுரையிலிருந்து வந்த ஒரு மேடம், ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். ஏட்டையாவின் அறைக்கு வந்ததும் கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்துக் கூரையைக் குறிபார்த்து அழுத்தினார். கூரையின் சூடு எண்ணாகத் தெரிந்தது. "எங்க சர்வீஸ்ல இந்தத் துப்பாக்கியக் குடுக்கலியே, நாய் கூடப் பயப்படாது போலுக்கே" என்றார் ஏட்டையா. மேடம் சிரித்துவிட்டு நோட்டைக் கேட்டார். வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். போன வருஷத்துச் சித்திரை, வைகாசி, ஆனி. ஒவ்வொரு தாளும் திரும்பும் சத்தம் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. புரட்டாசியை நெருங்கும்போது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், மொதல்ல ஈரத்துல பூசிட்டேன். உப்பிட்டு. ரெண்டாவது கோட்டுன்னு பொய் சொல்லிச் சொரண்டிப் பூசுனேன்."

ஏட்டையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏலே, கேக்காமலே வாக்குமூலமா! ஒரு அடிகூட விழலியேலே!" மேடம் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புரட்டாசியின் அந்த மூன்று நாட்களில் அறையின் சூடும் "மேகம் இல்லை" என்பதும்தான் இருந்தன. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மேடம் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. படிக்கட்டுக்கு மேலே இருந்த பூசாத சின்னத் தளத்தைக் காட்டி, "நாளைக் காலையில இதுல நாலடிக்கு நாலடி பூசிக் காட்டுங்க. எனக்கு மதியம் ரயில்" என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்குத் தங்கப் போனார். நான் தளத்தைப் பெருக்கித் துடைத்துத் தாளை ஒட்டினேன். மறுநாள் அவர் அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்தபோது, அந்தப் பருவத்தில் காணக் கிடைக்காத வெயில். மலை கழுவி வைத்தாற்போல் நின்றது. பூச்சு வாளியைத் திறந்து வைத்திருந்தேன். தாளின் அடியில், மேல் உதட்டில் வியர்வை பூப்பது போல, பொடிப்பொடியாக நீர்.

ஏணிக்குக் கீழேயிருந்து ஏட்டையா கத்தினார். "என்னலே, காஞ்சிட்டா?"

"இல்ல ஏட்டையா."

"கொஞ்சந்தான இருக்கும், தொடச்சிட்டுப் பூசுலே! அந்தம்மாவுக்கு ரயிலுக்கு நேரமாச்சி."

அவர் குரலில் பதற்றம் இருந்தது. நான் தேற வேண்டும் என்று என்னை விட அதிகமாக அவர் ஆசைப்பட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. மேடமும் கேட்டார்: "சின்ன இடம்தானே. பூசலாமா?"

தூரிகை கையில் இருந்தது. இந்தத் துண்டைப் பூசாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் மானிய வீடுகள் இல்லை. அப்புறம் நான் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று மனசு வழக்கம்போலக் கடைசிவரை ஓடிப்போய் நின்றது. ஆனால் வாய், முந்தின நாளைப் போலவே, தன்பாட்டுக்குப் பேசியது. "உப்பும் மேடம். ஏட்டையாவால ஏணி ஏறிப் பாக்க முடியாது. அதனால பூசப்படாது." வாளியை மூடினேன். மேடம் தாளின் அடியில் பூத்த நீரைப் படம் எடுத்தார், எதையோ எழுதினார், போய்விட்டார்.

சான்றிதழ் ஆவணியில் தபாலில் வந்தது. மூன்றாம் பகுதிக்கு எதிரே, பூசவில்லை என்பதைக் குறித்து, அந்த முடிவு சரி என்று ஒரு வரி. மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். ஏட்டையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சான்றிதழ் எண்ணைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டு, "அந்தப் புரட்டாசில நான் ஏன் ஒண்ணும் எழுதலன்னு நீ கேக்கவே இல்லியே" என்றார்.

"அப்பவே தெரியுமா ஏட்டையா?"

"மூணு நாளு என் தலைக்கு மேலதானலே சொரண்டுனே. பூசுத சத்தம் எது, சொரண்டுத சத்தம் எதுன்னு தெரியாதா?" நோட்டை மூடினார். "தப்புப் பண்ணவன் அதே எடத்துக்குத் திரும்பி வருவான்னு எங்க டிப்பார்ட்மென்ட்டுல சொல்லுவோம். சொரண்டியோட வந்தவன் நீ ஒருத்தந்தான். அதை என்னன்னு எழுத?"

ஏட்டையா இப்போது இல்லை. போன ஆனியில் அவர் மகள் கூப்பிட்டு, அப்பாவின் அறைக்கு வாடகைக்கு ஆள் வருகிறார்கள், மேலே மறுபடி பூச வேண்டும் என்றார். போய்ப் பார்த்தேன். சாரலும் வெயிலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த ஒரு மதியம். "வெயிலு கண்ணக் கூசுது அண்ணாச்சி, இன்னைக்கே ஆரம்பிச்சிருங்களேன்" என்றார். புரட்டாசி வரட்டும் என்றேன். அதுவரை காத்திருக்க அவருக்கு வழியில்லை. வேறு ஆளை வைத்து அந்த வாரமே பூசிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது. இலத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி அந்த வீட்டை அண்ணாந்து பார்க்கிறேன். கீழேயிருந்து தளம் தெரியாது. நான் பூசாத பூச்சு, உப்பினாலும் என் பொறுப்பில்லை. இருந்தாலும் அந்த அறையில் இப்போது யாரோ படுத்திருக்கிறார்கள். புரட்டாசி பிறந்ததும் போய், ஒருதரம் மேலே ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்க வேண்டும்.