ஐந்தாம் குவளைக்குப் பதினேழு

ஓடீலுக்குச் சளி பிடித்திருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டு, "பாவம், வயசாயிடுச்சு, நாக்கு மரத்துப்போச்சு" என்று உச்சுக்கொட்டுகிறவர்களும் சரி, "நாக்கு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் வேற எங்கியோ மேயுது" என்று கண்ணடிக்கிறவர்களும் சரி, அந்த மனிதரிடம் ஒரு தடவையாவது முடி வெட்டிக்கொண்டிருக்கிறார்களா? வெட்டிக்கொண்டிருந்தால் இப்படிப் பேச வாய் வராது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிற எங்கள் பெர்க்ஹோவ ஊரில், ஓடீலின் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தால் ஒரு வாசமும் அடிக்காது. தைலம் இல்லை, பவுடர் இல்லை, சவரம் செய்த கன்னத்தில் தட்டிவிடும் வாசனைத் தண்ணீர் இல்லை. சோப்புகூட மணமில்லாத சோப்பு. கல்யாண மாப்பிள்ளையே வந்து, "இன்னைக்காவது கொஞ்சம் மணக்க ஏதாச்சும் தடவி விடுங்க" என்று கெஞ்சினாலும், "கல்யாணத்துக்குப் போறியா, பூக்கடைக்குப் போறியா? மணக்கணும்னா அடுத்த ஊருக்குப் போ" என்று துண்டை உதறுவார். மூக்கை ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்துவைக்கிறார், வேறென்ன. சனிக்கிழமையன்று வீட்டில் வெங்காயம் வதக்கக் கூடாது. அவர் மனைவி அலீதா, "நான் உன்னைக் கட்டிக்கிட்டேனா, உன் மூக்கைக் கட்டிக்கிட்டேனா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, வாணலியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் வதக்கிக்கொண்டு வருவாள். வதக்குவதை மட்டும் விடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மர்செல்லாவின் பீர்க்கடைப் பின்னறையில் 'உலர்ந்த நாக்குகள் சங்கம்' கூடும். மர்செல்லா அடுக்களையில் பீரை மண் குவளைகளில் ஊற்றி, குவளையின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதி, தட்டில் கொண்டுவருவாள். மண் குவளை எதற்கென்றால், நிறம் தெரியக் கூடாது. யார் காய்ச்சியது, எந்த ஊர், என்ன வகை, ஒன்றும் தெரியக் கூடாது. குவளைதான் பேச வேண்டும். ஒவ்வொரு குவளையையும் கைமாற்றிச் சுற்றிக் குடித்துவிட்டு ஆளுக்கொரு மதிப்பெண், இருபதுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். ஆனால் ஓடீல் சொல்கிறவரை மற்றவர்கள் சொன்னது கணக்கில்லை.

அவர் குவளையை எடுத்தவுடன் குடிப்பவரல்லர். மேஜைமேல் இருக்கும்போதே குனிந்து, தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல மூக்கைக் கொண்டுபோவார். அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துச் சூடாக்குவார். ஒரு வாய். இடது கண் தானாக மூடும். வலது கண்ணும் மூடினால்தான் பீர் தேறியது என்று அர்த்தம், அது அபூர்வம். வாய் திறந்தாரென்றால் காய்ச்சியவன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் தாட்சண்யம் கிடையாது. கோதுமையில் செய்த வெள்ளை பீரா: "கொத்தமல்லி விதையை நசுக்காமலே போட்டிருக்கான். அவசரக்காரன்." மடத்துக் கறுப்பு பீரா: "சாமியார் இருக்காரு, உபவாசம் இல்ல." செர்ரிப் பழம் ஊறிய சிவப்பா: "பழம் நல்ல பழம். சக்கரை யாரோ கைதவறிப் போட்டது." இப்போது வாலிபர்கள் விழுந்து விழுந்து குடிக்கிற கடுங்கசப்பு பீரா: "போதும்டான்னு சொல்ல இவனுக்கு அம்மா இல்லியா?" நம் பள்ளத்தாக்கின் பழைய புளிப்பு பீர் வந்தால் மட்டும் குரல் தணியும். "தொழுவம் இருக்கு. நல்ல தொழுவம். குதிரை இப்பதான் வெளியே போயிருக்கு." அந்தப் பீருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அதற்கும் பதின்மூன்றுதான் போடுவார். கேட்டால், "இருபது கடவுளுக்கு. பத்தொன்பது மாதாவுக்கு. பதினெட்டு பாதிரியாருக்கு, அவரு கோவிச்சுக்கக் கூடாதுல்ல. மனுஷன் காய்ச்சினதுக்கு என்ன அவசரம்?" என்பார்.

சங்கத்தின் தலைவர் ஃபோன்ஸ். ஊரில் புளிப்பு பீர் காய்ச்சுகிற ஒரே வீடு அவருடையது. அப்பன் பாட்டன் காலத்துப் பீப்பாய்கள். ஓடீலும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வியாழக்கிழமைதோறும் ஓடீலின் நாற்காலியில்தான் ஃபோன்ஸுக்குச் சவரம். ஃபோன்ஸுக்கு ஒரே மகள், வேர்லெ. சின்ன வயதில் காமாலை முற்றி ஈரல் கெட்டுப்போனதால், ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீர் காய்ச்சுகிறவன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு தலையெழுத்து. எங்கள் பக்கத்தில், குடிக்காமல் இருந்து மற்றவர்களை வண்டியில் வீடு சேர்க்கிறவருக்கு 'பாப்' என்று பெயர். ஆணோ பெண்ணோ, அன்றைக்கு அவர் பாப். மற்றவர்கள் முறை வைத்து பாப் ஆவார்கள். வேர்லெ மட்டும் எல்லா ஞாயிறும் பாப். பாதி ஊருக்கு அவள் பெயரே மறந்துவிட்டது. "பாப், வண்டிய எடும்மா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சாவியை ஆட்டுவாள்.

எத்தனை வருஷம்தான் தண்ணீரும் ஆப்பிள் சாறும் குடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பது? போன குளிர்காலத்தில் அவள் தன் வீட்டுத் துணி துவைக்கிற அறையில் ஓர் அண்டாவை வைத்துத் தனக்கென்று காய்ச்சத் தொடங்கினாள். அப்பா உடைத்துப் போட்ட பழைய பீப்பாயின் பலகைத் துண்டுகளை அதில் ஊறப்போட்டாள். புளிப்பு ஏறும், போதை ஏறாது, அப்படி ஒரு பக்குவம். இரண்டு மூன்று அண்டா சாக்கடைக்குப் போயிற்று. அப்புறம் கை பழகியது. ஞாயிறுதோறும் ஒரு புட்டி கொண்டுவந்து மர்செல்லாவிடம் கொடுப்பாள். சங்கத்துக்கு ஊற்றும்போதே அவளுக்கும் ஒரு மண் குவளையில் ஊற்றி அதே தட்டில் வைப்பாள் மர்செல்லா. "பாப்போட தண்ணி வந்துடுச்சு" என்று சிரிப்பார்கள். ஒருவரும் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறன்று ஐந்தாம் குவளை ஃபோன்ஸின் மூன்று வருஷத்துப் பீப்பாய் என்று ஊருக்கே தெரியும். தெரியக் கூடாது, ஆனால் தெரியும், அவரே வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஓடீல் குனிந்தார், அணைத்தார், ஒரு வாய் வைத்தார். இடது கண் மூடியது. வலது கண்ணும் மூடியது. மூடிய கண் திறக்கவேயில்லை. முள்ளங்கியும் பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டியைக் கடித்தவர்கள் மெல்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

"பதினேழு," என்றார்.

யாரும் தங்கள் காதை நம்பவில்லை. "எழுபதா?" என்று கேட்டுவிட்டது ஓர் அசடு. ஃபோன்ஸ் எழுந்தார். அந்தக் குவளையில் மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, "என் பீப்பாய் வாசம் எனக்குத் தெரியாதா? அப்பா, உங்க பீப்பாய்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். ஓடீலைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். ஊரே எழுந்து கைதட்டியது.

சுவரோரம் வேர்லெ தன் குவளையை உதட்டில் வைத்தாள். உதட்டோடு நிறுத்திக் கீழே வைத்தாள்.

"மர்செல்லா, இது என்னோடது இல்ல," என்றாள். "இது அப்பாவோட மூணு வருஷத்துது."

மர்செல்லா ஓடிவந்து குவளையைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஈரத் துணியில் சுண்ணாம்பு அழிந்திருந்தது. ஆனாலும் ஐந்தின் வால் தெரிந்தது. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஃபோன்ஸின் முகத்தில் நெற்றியிலிருந்து கீழே ஒவ்வோர் அங்குலமாக இரத்தம் சுண்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெற்ற மகள் காய்ச்சியதைத் தன்னுடையது என்று குடித்து அழுதிருக்கிறார் மனிதர். அதில் சந்தோஷப்படத்தானே வேண்டும்? எந்தத் தகப்பனும் பூரித்துப்போவான் என்றுதான் நினைப்போம். அவர் மகள் பக்கமே திரும்பாமல் மேலங்கியை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாளே கதை கிளம்பிவிட்டது. ஓடீலுக்கு நாக்கு செத்துவிட்டதாம். இல்லை, வேர்லெயும் அவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டார்களாம். அவர் மூக்குக்கு பிரஸ்ஸல்ஸில் வைத்தியம் பார்க்கிறாராம். கடையில் ஆள் குறைந்தது. இத்தனைக்கும் அன்று எல்லோரும் குடித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல ஃபோன்ஸ் வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஓடீல் நுரை தடவி, ஒரு கன்னத்தை மழித்து முடித்தார். கத்தி தொண்டைக்கு வந்தபோது ஃபோன்ஸ் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"சளி புடிச்சிருந்துச்சுன்னு சொல்லிடு."

"எனக்குச் சளி இல்லியே."

"இருந்துச்சுன்னு சொல்லச் சொல்றேன்டா. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி. அதோட முடிஞ்சுது."

"சரி, எனக்குச் சளி. உனக்கு? நீயும்தானே உன்னோடதுன்னு சொன்ன. தொத்திக்கிச்சா?"

"நீ தாடையைப் பாரு," என்றார் ஃபோன்ஸ். கத்தி தொண்டையிலிருந்து தாடைக்கு ஏறியது. அப்புறம் அவரே சொன்னார்: "காய்ச்சுற வீட்டுச் சாவியை இந்த மாசக் கடைசியில வன்னெஸ்கிட்ட குடுக்கறதா இருக்கேன். என் தம்பி மகன். எல்லாம் பேசியாச்சு. அவளுக்கு எப்படிடா குடுக்கறது? குடிக்க முடியாதவ எப்படிக் காய்ச்சுவா? சமைக்கிறவ உப்பு பார்க்க வேணாமா? உன் பதினேழைத் தூக்கிக்கிட்டு நேத்து என் முன்னாடி வந்து நிக்கிறா. என்னால காய்ச்ச முடியும் அப்பாங்கறா."

ஓடீல் கத்தியைத் துண்டில் துடைத்தார். "உப்புப் பார்க்க ஒரு நாக்குதானே வேணும். என்னோடது சும்மாதான் கிடக்கு. அவ காய்ச்சட்டும், நான் பார்த்துச் சொல்றேன்."

ஃபோன்ஸ் எழுந்துவிட்டார். ஒரு கன்னம் மழுங்க, மறு கன்னம் நுரையோடு, கழுத்துத் துண்டோடு கோயில் வாசலைக் கடந்து நடந்தார். சந்தைக்கு வந்த ஊர் அத்தனையும் பார்த்தது.

அன்றிரவு அலீதா சூப்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லித் தொலையேன் மனுஷா. சளி என்ன கொலைக்குத்தமா? பள்ளிக்கூடத்துச் சிநேகம். கடையில ஈ ஓட்டற." ஓடீல் நெடுநேரம் கரண்டியால் சூப்பைக் கிளறினார். கடைசியில், "சரி, சொல்லிடறேன்" என்றார். உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தார். பிடிவாதக்காரர், வேண்டுமென்றே போய்ச் சண்டை இழுத்தார் என்கிறார்களே, அதுவும் பொய். ஒத்திகைகூடப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று ஒரு தடவை தும்மிப் பார்த்ததை அலீதா பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு வந்தது. பின்னறை நிறைந்து, கதவு நிலையிலும் ஆள் நின்றார்கள். ஃபோன்ஸ் இரண்டு கன்னமும் மழுங்க வந்திருந்தார். அடுத்த ஊர்ச் சவரம். லாவெண்டர் வாசம் மூன்று நாற்காலி தாண்டி அடித்தது. ஓடீல் மூக்கைச் சுளிக்கவில்லை. வேர்லெ சுவரோரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடீல் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்றார் ஃபோன்ஸ்.

ஓடீல் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "போன ஞாயித்துக்கிழமை எனக்கு…" என்று ஆரம்பித்தார். வேர்லெ தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியே விட்டிருந்தால் வந்துவிட்டிருக்கும் அந்த வார்த்தை. ஃபோன்ஸுக்குப் பொறுக்கவில்லை, எடுத்துக்கொடுக்கிறேன் என்று வாயை விட்டார்: "வெறும் தண்ணிக்குப் பதினேழு போடணும்னா மனுஷனுக்கு எவ்வளவு சளி இருந்திருக்கணும், பார்த்துக்கங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள். வேர்லெ கதவருகே நின்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஓடீல் அவளைப் பார்க்கவில்லை. ஃபோன்ஸைப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"தண்ணின்னேன்."

"நீ குடிச்ச, ஃபோன்ஸ். நான் பக்கத்துல நின்னேன். உங்கப்பாவைக் கூப்பிட்டு அழுத. அது தண்ணியா?"

"தண்ணிதான்," என்றார் ஃபோன்ஸ்.

இந்த ஊரில் எல்லாவற்றைப் பற்றியும் பொய் சொல்வோம். வரியைப் பற்றி, வயதைப் பற்றி, பந்தயப் புறா எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதைப் பற்றி. பாதிரியாரிடமே சொல்வோம். ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்து, குடித்த குவளையைப் பற்றி ஒருவன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. சிரித்தவர்களுக்கும் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. மர்செல்லா தட்டோடு உள்ளே வந்தவள் வந்த வழியே திரும்பினாள். ஓடீலுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. தன் கண்முன் யாரோ விழுந்து செத்துவிட்டதுபோல நின்றார். யாராவது ஒருத்தர் வாய் திறப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சளி இல்ல," என்றார். "பதினேழுதான்."

"அப்போ இந்த மேஜையில உனக்கு நாற்காலி இல்ல," என்றார் ஃபோன்ஸ். குரல் உடைந்திருந்தது.

ஓடீல் தொப்பியை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, நடந்தார். நிலையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. வேர்லெ வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அவரும் ஃபோன்ஸும் பின்னால்தான் உட்கார்ந்து போவார்கள். அவர் முன்கதவைத் திறந்தார். அந்த இருக்கையில் துண்டு போட்டு மூடி, அவள் காய்ச்சிய புட்டிகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. "பின்னாடி எடுத்து வைக்கிறேன் மாமா," என்றாள் அவள். அவர் பெட்டியைத் தூக்கினார், உட்கார்ந்தார், மடியில் வைத்துக்கொண்டார். பெல்ட்டை இழுத்து, பெட்டியையும் சேர்த்துக் கட்டி மாட்டினார்.