செல்வத்தின் பேஸ் கேட்கவில்லை

எங்கள் வீட்டு மாடியில் பதிவு செய்த பாட்டை இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் செல்வத்துக்குப் போட்டுக் காட்டினேன். பேஸ் கிட்டார் வாசித்தது அவன்தான். நாளை ராணுவப் பயிற்சிக்குக் கிளம்புகிறான்.

போனைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டான்.

“ஏலே, டிரம்ஸ் கேக்கு, உன் கிட்டார் கேக்கு. நான் எங்கலே இருக்கேன்?”

“போன் ஸ்பீக்கர்ல பேஸ் எடுக்காதுலே. ஹெட்போன்ல நல்லா இருக்கும்.”

“எங்கம்மா போன்லதானலே கேப்பா.”

ராஜபாளையம் திரும்பியதும் ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்து மிக்ஸிங்கைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். பேஸைக் கூட்டினால் டிரம்ஸ் அமுங்குகிறது. டிரம்ஸைக் கூட்டினால் கிட்டார் போய்விடுகிறது. கிட்டாரைக் கூட்டினால் மறுபடி செல்வம் இல்லை. திரும்ப வாசிக்கச் சொல்லவும் ஆள் இருக்கமாட்டான்.

என்னால் முடியவில்லை. மிக்ஸிங் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். “எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டிப் பாரு” என்பவர்கள் மட்டும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டார்.