எஸ்தர் அக்காவின் பாஸ் அவுட்

அன்று காலை நான் முதலில் கவனித்தது மின்விசிறியைத்தான். பனியன் கம்பெனியில் எங்கள் செக்கிங் மேசைக்கு மேலே சுற்றாமல் நின்றது. எஸ்தர் அக்கா வந்திருந்தால் பையை வைப்பதற்கு முன்பே அதைப் போட்டிருப்பார். சூப்பர்வைசர் அண்ணன் அருகில் வந்து, "அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க கண்ணு. நெஞ்சுவலியாம்," என்றார்.

மண்ணரையில் அக்காவின் வீட்டில் துக்கத்துக்குக் கூடியிருந்த பலருக்கு அந்த மின்விசிறி வந்த கதை தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

போன கோடையில் வேலை நடுவே சூடு தாங்காமல் மயங்கி விழுந்தேன். அடுத்த வாரம், பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா சோதனைக்கு வந்தார். இங்கே யாராவது 'பாஸ் அவுட்' ஆனார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நமக்குப் பாஸ் அவுட் என்றால் படித்து முடிப்பது. நானோ எட்டாவதோடு நின்றவள். அக்கா என்னைக் காட்டி, "நோ மேடம். நோ பாஸ் அவுட்," என்றார்.

"வெரி குட்!" என்று அந்த அம்மா எழுதிக்கொண்டு போனார்.

"நீ படிப்ப விட்டதுல அவளுக்கு என்னட்டி வெரி குட்டு?" என்று அக்காவுக்குக் கோபம்.

ஆபீஸ் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "பாஸ் அவுட்னா மயங்கி விழறதுங்க்கா. யாருமே விழலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மொதலாளிக்கு ஒரே சந்தோசம்!"

அக்கா கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கிளம்பிய காரின் கண்ணாடியைத் தட்டி, "மேடம்! பாஸ் அவுட், எஸ்! திஸ் கேர்ள்!" என்றார். அந்த அம்மா விழித்தார். அக்கா உடனே கண்ணை மூடி, கேட் வாசலிலேயே சரிந்து விழுந்து காட்டினார். நிஜமென்று நினைத்து வாட்ச்மேன் சோடாவுக்கு ஓடினார்.

மின்விசிறிகள் வந்தன.

"வேலை போயிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"போனா போவுது. விழுந்தவ வாய மூடிக்கிட்டிருந்தா, விழவே இல்லன்னு எழுதிருவாவ."

அக்கா போன பிறகு எங்கள் மின்விசிறியைக் கழற்றி ஆபீஸ் அறையில் மாட்டிவிட்டார்கள். நேற்று, ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா மயங்கி விழுந்தாள். இன்று சோதனைக்கு ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். மேனேஜர், "நோ சார்," என்றார். சுனிதா தரையைப் பார்த்தாள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலம் பாஸ் அவுட் என்ற அந்த ஒரு சொல்தான். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். கையிலிருந்த பனியனை மேசையில் வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க, கண்ணை மூடித் தரையில் சரிந்து விழுந்தேன்.