பந்தலூர் நாற்றுப் பை

திருப்பூரிலிருந்து வந்து, காலை ஐந்தரைக்குக் கோயமுத்தூரில் கூடலூர் பஸ் ஏறினேன். முந்தின நாள் தங்கை வசந்தா போனில், "அண்ணா, நாளைக்கு நர்சரிக் கூடாரத்தைப் பிரிக்கறாங்க. நீ பக்கத்துல இருந்தா உன் மாப்பிள்ளைக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். மலைக்குப் போகிறவன் அழகை ரசிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு ஜன்னல் பக்கம் பார்வையே போகவில்லை.

பத்து மணிக்கு ஊட்டி. குளிருக்கு ஒரு டீ குடித்துவிட்டு வர்க்கி பிஸ்கட் வாங்கினேன். கடைக்கார பாய் பையை நீட்டி, "பிளாஸ்டிக் இல்லீங்க, கெழங்கு மாவுப் பை. மக்கிப் போயிரும்" என்றார். அட, நம் மாப்பிள்ளையின் சரக்கைப் போலவே இருக்கிறதே என்று சற்று சந்தோஷப்பட்டேன். பைக்காராவில் படகு சவாரிக்குப் போகிறவர்கள் இறங்கிப் பாதி பஸ் காலியானது.

ஊட்டியிலிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர். அங்கே பஸ் மாறினேன். பந்தலூரை நெருங்க நெருங்கத் தேயிலைச் செடிகள் மரமாகி நின்றன. இடுப்பளவில் வெட்டி நிறுத்த வேண்டியவை. ஏன் இப்படி என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"கொழுந்து வித்தா எடுக்கற கூலிக்கே காணாதுங்க. யாரு போய் எடுப்பா? வுட்டாச்சு."

என் தங்கை புருஷன் ராமலிங்கமும், வருசக்கணக்காக நாற்றுப் போட்டு வளர்த்த தோட்டத்தை அப்படித்தான் விட்டார். பிறகு வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, மரவள்ளி மாவில் நாற்றுப் பை செய்யும் மெஷினை இறக்கினார். தேயிலைக் குச்சியைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் ஊன்றி வேர் விடவைப்பதுதான் நர்சரி வழக்கம். நடும்போது பையைக் கிழித்து எறிவார்கள்; மலையெல்லாம் அந்தக் குப்பை. ராமலிங்கத்தின் பையைக் கிழிக்க வேண்டாம், செடியோடு மண்ணில் மக்கிவிடும். ஒரு எஸ்டேட் மேனேஜர் ஒரு பாத்திக்கு மட்டும் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். பிழைத்தால் ஆர்டர். இல்லையென்றால் ஊரைக் காலி செய்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு எஸ்டேட் நர்சரி. ராமலிங்கமும் மேனேஜரும் முன்பே வந்து நின்றார்கள். பாத்தியின் மேல் மூங்கில் வளைத்துப் பாலிதீன் மூடிய கூடாரம். குச்சி ஊன்றியதும் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். வேர் பிடிக்கும்வரை திறப்பதில்லை. மாரியாயி என்ற வேலைக்காரம்மா ஒரு ஓரத்தைத் தூக்கினாள். குப்பென்று வெக்கை முகத்தில் அடித்தது. ஒரு நாற்றைத் தூக்கினாள். கையில் குச்சி மட்டும் வந்தது. பை கூழாகி, மண் சரிந்து கிடந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"வேரே வரலீங்கய்யா. அதுக்குள்ள பை போயிருச்சு," என்றாள்.

"வெளிய மழையில போட்டுப் பாத்தனே! ஒண்ணும் ஆகலையே!" என்றார் ராமலிங்கம்.

மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "வெளிய குளுருங்க. உள்ள அடுப்பு மாதிரி இருக்குது. அதுவும் ஈரத்தோட."

ஐயோ, இத்தனை வருசம் நாற்றுப் போட்ட மனுசனுக்கு அந்தக் கூடாரத்தின் சூடு நினைவுக்கு வரவில்லையே! குச்சியாவது பிழைக்கட்டும் என்று மாரியாயி ஒரு கட்டு கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து பிரித்தாள். ராமலிங்கம் அவளருகே குத்தவைத்து, ஒன்றை ஊதி வாய் திறந்து, மண்ணை அள்ளிப் போட்டார். இருட்டும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் வசந்தா அவர் கை மண்ணைப் பார்த்தாள், தட்டு வைத்தாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்புக்கு அவரும் வந்தார்.

"மச்சான், திருப்பூர்ல வேலை கெடைக்கற வரைக்கும் உங்க ஊட்டுல..."

"வாங்க மாப்பிள்ளை. அது உங்க ஊடுங்க."

இரவு எங்கள் தெருவில் இறங்கினேன். சாக்கடை நிறையப் பிளாஸ்டிக் பைகள், போன வருசத்து ஜவுளிக்கடைப் பெயர்கூட அழியாமல். எட்டி உதைத்தேன், செருப்பெல்லாம் சேறு. வீட்டுக்குள் போய், பின்னறையைக் காலி செய்ய வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன்.